பழைய கோட்டுப் படங்கள்: மை இருக்கும் இடமும் இல்லாத இடமும்

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கிறவர்களில் சிலர், வண்ணப் பிள்ளையாரையும் பொன்னிற எழுத்தையும் விட்டுவிட்டு, பழைய காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் வேண்டும் என்று கேட்கிறார்கள். கைகூப்பி நிற்கும் பெண், நாகசுரமும் தவிலும் வாசிக்கும் இருவர், மணமகளின் கையைப் பற்றிய மணமகனின் கை. இணையத்தில் தேடினால் இப்படிப்பட்ட படங்கள் கணக்கில்லாமல் கிடைக்கின்றன. குழப்பம் தொடங்குவதும் அங்கேதான்.

1. இது உண்மையிலேயே பழைய படமா, நேற்றுக் கணினி உருவாக்கியதா?
2. பழைய படம்தான் என்றால், யாரையும் கேட்காமல் அச்சிடலாமா?
3. கைபேசித் திரையில் அவ்வளவு கூர்மையாகத் தெரிந்த படம் அட்டையில் ஏன் சேறுபோல் அப்பிக்கொண்டது?

ஒன்று கலை, ஒன்று சட்டம், ஒன்று தொழில்நுட்பம் என்று தோன்றும். ஆனால் மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அந்தப் படம் முதன்முதலில் எந்த முறையில் அச்சானது என்று தெரிந்தால், அதன் வயதை மதிப்பிடலாம். வயது தெரிந்தால் உரிமையைக் கணக்கிடலாம். மறுபடி அச்சிடும்போது எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் அப்போது விளங்கிவிடும்.

## அடிப்படை: பாதி மை என்று ஒன்று கிடையாது

லெட்டர்பிரஸ் முறையில் மேடாக இருக்கும் பகுதி மட்டுமே மையை வாங்கிக் காகிதத்தில் பதியும். பள்ளம் வெள்ளையாக நின்றுவிடும். ரப்பர் ஸ்டாம்பு வேலை செய்வதும் இப்படித்தான். தூரிகையில் தண்ணீரைக் கூட்டி மையை வெளுக்க வைக்கும் வசதி ஓவியருக்கு உண்டு. அச்சு இயந்திரத்துக்கு அது கிடையாது. காகிதத்தின் எந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டாலும் அங்கே மை இருக்கும், அல்லது இருக்காது.

படம் அச்சிடும் கட்டைக்குப் பிளாக் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பழைய பிளாக்கை எடுத்துப் பாருங்கள். கீழே மரக்கட்டை. மேலே, ஓரங்களில் சிறு ஆணி அடித்துப் பொருத்திய துத்தநாகத் தகடு. இரண்டும் சேர்ந்து உயரம் சுமார் 23.3 மில்லிமீட்டர். ஈய எழுத்தின் உயரமும் அதுவே. உயரம் ஒத்துப்போனால்தான் எழுத்தையும் படத்தையும் ஒரே பாரத்தில் (அச்சுச் சட்டத்தில்) முடுக்கி, ஒரே தடவையில் அச்சிட முடியும். பிளாக் சற்றுத் தாழ்ந்திருந்தால் அடியில் காகிதத் துண்டை ஒட்டி உயர்த்துவார்கள். தகட்டில் இருக்கும் கூப்பிய கைகள் இடம் வலம் மாறித் தெரியும். விரல்களுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் பழைய மை காய்ந்து கெட்டியாகியிருக்கும். நகத்தால் மெல்லக் கீறினால், வயல் வரப்புகள்போல் ஒவ்வொரு கோடும் தனித்தனியே தட்டுப்படும். அந்த வரப்புகள்தான் படம். வேறு எதுவும் அதில் இல்லை.

இந்தப் படங்களைப் பற்றிய முதல் உண்மை இதிலிருந்து கிடைக்கிறது. கறுப்பு வெள்ளை என்பது அந்தக் கால ஓவியர் விரும்பித் தேர்ந்தெடுத்த அழகு மட்டும் அல்ல. அச்சு அவருக்கு விட்டுவைத்த ஒரே வழி அது. அந்த ஒரே வழிக்குள் தோலையும் பட்டுத்துணியையும் நிழலையும் அவர்கள் கொண்டுவந்தார்கள் என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

## சாம்பல் நிறம் எங்கிருந்து வருகிறது?

மை ஒரே கறுப்பு, காகிதம் ஒரே வெள்ளை. ஆனாலும் கன்னத்தில் மெல்லிய நிழலும் தலைமுடியில் ஆழ்ந்த இருட்டும் தெரிகின்றன. அதற்கான வழிகள்:

1. இணைகோடுகள். அரை மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கோடுகள் இழுத்து, ஒவ்வொரு கோட்டின் தடிமனையும் அந்த இடைவெளியில் கால் பங்காக வைத்தால், காகிதத்தில் கால் பங்கு கறுப்பாகும். சற்றுத் தள்ளிப் பிடித்தால் கண் இரண்டையும் கலந்து இளஞ்சாம்பலாக எடுத்துக்கொள்ளும்.
2. குறுக்குக் கோடுகள். முதல் வரிசையின் மேல் சாய்வாக இன்னொரு வரிசை. நிழல் இரட்டிக்கும். மூன்றாவது வரிசையும் போட்டால் ஏறக்குறைய இருட்டு.
3. புள்ளிகள். மூக்கு நுனி, மோவாய், குழந்தையின் கன்னம் போன்ற, கோடு பட்டால் தழும்பாகத் தெரியும் இடங்களுக்கு இது ஏற்றது.
4. கோட்டின் தடிமன். ஒரே கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி மெலிந்து முடியும். நான்கிலும் மிகக் கடினமானது இதுதான். நல்ல கையை அடையாளம் காட்டுவதும் இதுதான்.

அதாவது, சாம்பல் நிறம் காகிதத்தில் இல்லை. பார்ப்பவரின் கண்ணில் உருவாகிறது. அட்டையில் படம் ஏன் கெட்டுப்போகிறது என்ற மூன்றாவது கேள்விக்கு வரும்போது இது மறுபடியும் தேவைப்படும்.

## கை ஏன் தேர்வுத்தாளாக இருக்கிறது?

மனிதக் கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இத்தனை மூட்டுகளும் ஒரு சாண் நீளத்துக்குள் அசைகின்றன. முகத்தை வரையும்போது ஒரு கோடு பிசகினால் அது வேறொரு மனிதரின் முகமாகிவிடும். யாரும் அதைத் தவறு என்று சொல்லமாட்டார்கள். கையில் ஒரு கோடு பிசகினால் அது ஒடிந்த கையாகிவிடும். நாள் முழுவதும் நம் கண்முன்னே இருப்பது நம் கைதான். அதனால் வரையத் தெரியாதவருக்கும் அதில் உள்ள பிழை தெரிந்துவிடுகிறது.

பழைய வேலையில் கையைச் செய்த விதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். விரலில் வரும் நிழல்கோடுகள் நேராக ஓடுவதில்லை. மோதிரம்போல் விரலைச் சுற்றி வளைகின்றன. அந்த வளைவுதான் தட்டையான காகிதத்தில் உருண்டையான விரலைக் காட்டுகிறது. புறங்கைக்கு வரும்போது கோடுகள் மணிக்கட்டிலிருந்து விசிறியாக விரிந்து, கணு மூட்டுகளில் ஏறி இறங்குகின்றன. நகத்தைப் பெரும்பாலும் வெள்ளையாகவே விட்டு, அடியில் மட்டும் ஒரு மெல்லிய பிறைக்கோடு போட்டிருப்பார்கள். கைக்குக் கீழே சேலையோ சட்டையோ வந்துவிட்டால் கோடுகளின் திசை சட்டென்று மாறும்; மடிப்பின் போக்கில் நீளமாக ஓடும். தோல் எது, துணி எது என்று நிறம் இல்லாமலே நமக்குப் புரிவது இந்தத் திசை மாற்றத்தால்தான்.

இதற்கு உலகமே அறிந்த ஒரு சான்று உண்டு. 1858 இல் லண்டனில் ஹென்றி கிரே எழுதி வெளிவந்த உடற்கூறியல் நூலின் படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற மருத்துவர். அவை மரக்கட்டையில் செதுக்கப்பட்டு அச்சானவை. எலும்பின் பெயரை எங்கோ ஓரத்தில் குறிப்பாகப் போடாமல், அந்த எலும்பின் மேலேயே எழுதியிருந்தார்கள். மாணவனின் கண் அங்குமிங்கும் அலைய வேண்டியதில்லை. நூல் வெளிவந்த காலத்திலேயே கார்ட்டர் இந்தியாவுக்கு வந்து, பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். இன்று இணையத்தில் பழைய கை, எலும்பு, தசைப் படங்கள் என்று தேடும்போது வந்து நிற்பவற்றில் அவருடைய படங்களும் உண்டு. பெரும்பாலும் அவர் பெயர் இல்லாமல்.

நம் ஊரிலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர், அதாவது கே.சி.சிவசங்கரன், வடசென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் படித்தவர். பின்னர் அரசு ஓவியப் பள்ளியில் பயின்றவர். தோளில் பிணம், கையில் வாள், இருட்டில் நடக்கும் அரசன். அந்தப் படத்தில் முகத்தைவிட அதிகம் பேசுவது வாளைப் பிடித்திருக்கும் கைதான் என்பது என் எண்ணம். எவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு அவன் நடக்கிறான் என்பதை அந்தப் பிடியே சொல்லிவிடுகிறது.

கணினி உருவாக்கும் போலிப் பழம்படங்களைப் பிடிப்பதற்கும் கைதான் வழி. விரல்களின் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். அந்தப் பிழை இப்போது குறைந்து வருகிறது. கோடுகளைப் பின்தொடர்ந்து பாருங்கள். உண்மையான வேலையில் ஒவ்வொரு நிழல்கோட்டுக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் ஒரு காரணமும் இருக்கும். போலியில் விரலைச் சுற்றி வர வேண்டிய கோடு பாதியில் சட்டை மடிப்போடு கலந்துவிடும். இரண்டு கோடுகள் காரணமில்லாமல் ஒன்றாகும். வளையல் ஒரு பக்கம் கையைச் சுற்றி மறுபக்கம் தோலுக்குள் மறையும். நல்ல துல்லியத்தில் ஸ்கேன் செய்த படம் என்று சொல்லப்பட்டும் கோடுகளின் நடுவே உண்மையான சாம்பல் நிறம் படிந்திருந்தால், அது நேரடியாகப் பிளாக்கில் அச்சான வேலையாக இருக்க முடியாது.

## எந்த முறையில் அச்சானது? ஒரு பூதக்கண்ணாடி போதும்

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு கண்ணாடி ஒன்றும் நல்ல வெளிச்சமும் இருந்தால், கையிலிருக்கும் பழைய புத்தகப் படத்தை நீங்களே வகைப்படுத்தலாம்.

1. மரச்செதுக்கு. பலகையின் நீளவாட்டில் கத்தியால் வெட்டுவது ஒரு முறை. கோடு தடித்தும் கோணலாகவும் வரும். சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்களின் அட்டையில் இந்த முரட்டுக் கோடுகள் உண்டு. கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் ஊசிபோன்ற உளியால் செதுக்குவது இன்னொரு முறை. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தாமஸ் பியூயிக் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடு வெட்டிக்கொண்டு போவது இதன் அடையாளம். இதற்கு ஏற்ற பாக்ஸ் மரம் பருமனாக வளராது. அதனால் பெரிய படங்களுக்குச் சிறு கட்டைகளை ஒட்டவைத்துச் செதுக்கினார்கள். படத்தின் குறுக்கே நூலிழைபோல் ஒரு நேரான வெள்ளைக் கோடு ஓடினால், அது அந்தக் கட்டைகள் சேர்ந்த இடம்.

2. லைன் பிளாக். ஓவியர் கறுப்பு மையில் பேனாவால் வரைந்ததைப் புகைப்படம் எடுத்து, அந்த நெகட்டிவ் வழியாக ஒளியுணர் பூச்சு பூசிய துத்தநாகத் தகட்டில் ஒளி பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட கோடுகள் இறுகிவிடும். மற்ற இடத்தை நைட்ரிக் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். கோட்டின் பக்கச் சுவரையும் அமிலம் தின்றுவிடாமல் இருக்க நடுநடுவே பிசின் தூளைத் தூவிச் சுடுவார்கள். பேனா நிப்பின் துடிப்பு அப்படியே தெரியும் படம் என்றால் அது லைன் பிளாக். கோட்டின் ஓரத்தில் மை பிதுங்கிய கரிய விளிம்பும், தாளின் பின்புறம் தடவினால் மெல்லிய புடைப்பும் இருக்கும்.

3. ஹாஃப்டோன். 1880களில் வணிகத்துக்கு வந்தது. புகைப்படத்தை ஒரு வலைத்திரை வழியாகப் படம்பிடித்து, பெரியதும் சிறியதுமான புள்ளிகளாக உடைப்பது. கண்ணாடியில் பார்த்தால் ஒழுங்காக வரிசைகட்டிய புள்ளிகள். செய்தித்தாள் காகிதத்துக்கு அங்குலத்துக்கு 65 வரிப் புள்ளிகள், வழவழப்பான ஆர்ட் தாளுக்கு 133 வரை.

4. செப்புத் தகடு, கல்லச்சு. முதலாவதில் மை பள்ளத்தில் இருக்கும். தாளில் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் தெரியும். இரண்டாவதில் கரிக்கோல் தேய்த்ததுபோன்ற பொடிமணல் தன்மை இருக்கும்.

தமிழ் வார இதழ்களில் கதைப் படங்கள் ஏன் இத்தனை காலம் கோட்டோவியங்களாகவே இருந்தன என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. சொரசொரப்பான நியூஸ்பிரிண்டில் 65 வரி ஹாஃப்டோன் மங்கலாகத்தான் விழும். பேனாக் கோடு பளிச்சென்று விழும். மாலி, ராஜு, கோபுலு, மணியம், சில்பி என்று ஓவியர்களின் ஒரு பெரும் வரிசை இந்தத் தாளின் குறையை நிறைவாக்கியது. அவர்கள் பொதுவாக அச்சாகும் அளவைவிடப் பெரிதாக வரைந்து கொடுப்பார்கள். பிளாக்கில் சுருங்கும்போது கோடுகள் நெருங்கி இறுகும்; சிறு நடுக்கம் மறைந்துபோகும்.

வடசென்னைக்கு இந்தக் கதையில் மூத்த இடம் உண்டு. 1761 இல் பாண்டிச்சேரியிலிருந்து ஆங்கிலேயப் படை கொண்டுவந்த அச்சு இயந்திரம் வேப்பேரியில் பப்ரீஷியஸ் பாதிரியாரிடம் கொடுக்கப்பட்டு, அங்கே அச்சுக்கூடம் இயங்கியது. 1850 இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர், அன்று கறுப்பர் நகரம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். மரச்செதுக்கு அங்கே கற்றுத்தரப்பட்டது. அரசு ஏற்று நடத்திய அந்தப் பள்ளிதான் இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. மூர் மார்க்கெட் 1985 இல் எரிந்தது. அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள் அருகே அல்லிக்குளம் வணிக வளாகத்தில் தொடர்ந்தன. மூலப் படத்தைத் தாளிலேயே பார்க்க விரும்புகிறவர் முதலில் நடக்க வேண்டிய திசை அதுதான்.

## சுட்டும் கை ஒரு தனி எழுத்து

பழைய நோட்டீசுகளில் கவனிக்க வேண்டிய வரிக்கு முன்னால் சுட்டுவிரல் நீட்டிய ஒரு கை இருக்கும். இது படம் அல்ல. அச்சுக்கோப்பவரின் கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், மற்ற எழுத்துகளோடு கிடந்த ஓர் எழுத்து. ஐரோப்பாவில் 12 ஆம் நூற்றாண்டு முதலே கையெழுத்துப் பிரதிகளின் ஓரத்தில் படிப்பவர்கள் இப்படிக் கை வரைந்து வந்தார்கள். அச்சு வந்ததும் அது ஈயத்தில் வார்க்கப்பட்டது. அந்தக் கையின் மணிக்கட்டைப் பாருங்கள். சட்டையின் மடிப்பும் பொத்தானும் மேலங்கியின் விளிம்பும் இருக்கும். அயல்நாட்டு வார்ப்பகத்தின் அச்சிலிருந்து வந்த துரையின் கை அது. அதே கைதான் தமிழ் நோட்டீசில் தெருக்கூத்துக்கும் மருந்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வழிகாட்டியது.

பிளாக் விலை கூடிய பொருள். ஒருமுறை செய்தால் ஆண்டுக்கணக்கில் பல வேலைகளுக்குப் போடுவார்கள். ஆகவே ஒரே பெண்ணின் படம் ஓர் ஆண்டு கதைப் புத்தகத்திலும் அடுத்த ஆண்டு எண்ணெய் விளம்பரத்திலும் வந்தால் வியப்படைய வேண்டியதில்லை. ஒரு படம் இருக்கும் புத்தகத்தின் ஆண்டு, அந்தப் படத்தின் பிறந்த ஆண்டாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அடுத்த கேள்விக்கு இது மிகவும் முக்கியம்.

## பழையது என்றால் பொதுவானதா?

இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 இன்படி கணக்கு இது:

1. ஓவியர் யார் என்று தெரிந்தால், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 50 ஆக இருந்தது 1990களின் தொடக்கத்தில் 60 ஆக்கப்பட்டது.
2. ஓவியர் பெயரில்லாமல் வெளியாகி, அவர் யாரென்றும் வெளிப்படாவிட்டால், படம் முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1960 இல் முதலில் வெளியான அத்தகைய படத்துக்கு 2020 இறுதி வரை.
3. நிறுவனத்தில் சம்பளத்துக்கு வரைந்த ஓவியர் என்றால், முதல் உரிமை நிறுவனத்துக்குப் போகலாம். ஆனால் காலக் கணக்கு ஓவியரின் ஆயுளை வைத்துத்தான்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று. கதையின் உரிமையும் படத்தின் உரிமையும் வெவ்வேறு. கல்கி 1954 இல் மறைந்தார். பொன்னியின் செல்வனின் எழுத்துக்கான காலம் 2014 இறுதியில் முடிந்துவிட்டது. அதைத் தொடராக வெளியிட்டபோது படம் வரைந்த மணியம் மறைந்தது 1968 இல். அவருடைய படங்களுக்கு 2028 இறுதி வரை பாதுகாப்பு உண்டு. கதையை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் வந்தியத்தேவனின் படத்தையும் எடுத்துக் கல்யாணப் பத்திரிகையில் போட்டுவிட முடியாது. கோபுலு மறைந்தது 2015 இல்; கணக்கு 2075 வரை போகும். நூல் நாட்டுடைமை ஆனது என்று செய்தி வந்தாலும், அது எழுத்தாளரின் எழுத்தைப் பற்றியது. உள்ளே படம் வரைந்தவர் வேறொருவர் என்றால் அவருடைய உரிமை அதில் அடங்காது.

கார்ட்டர் 1897 இல் மறைந்தவர். அவர் படங்களுக்குத் தடை இல்லை. அமெரிக்க இணையதளங்களில் பொதுவுடைமை என்று போட்டிருப்பது பெரும்பாலும் அந்த நாட்டுக் கணக்கு. அங்கே பழைய வெளியீடுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். 1929 இல் வெளியானவை 2025 ஜனவரி 1 முதல் திறந்தன. இந்தியாவில் அச்சிடும்போது இந்தியக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய தீப்பெட்டி, துணி மூட்டை லேபிள் படங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவை வணிக முத்திரையாகப் பதிவாகியிருந்தால், பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம், முடிவு கிடையாது.

சட்டத்தின் 57 ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் படைத்தவருக்குத் தன் பெயரைக் கோரும் உரிமையைத் தருகிறது. படத்தின் கீழ் மூலையில் ஓவியர் போட்ட சிறு கையெழுத்தை வெட்டிவிட்டு இணையத்தில் ஏற்றுவது அந்த மனிதருக்குச் செய்யும் அநீதி. அடுத்து வருகிறவருக்குக் காலத்தைக் கணக்கிட இருந்த ஒரே தடயமும் அதோடு போய்விடுகிறது.

## திரையில் தெளிவு, அட்டையில் சேறு: ஏன்?

பழைய படங்களில் நிழலுக்குப் போட்ட மெல்லிய கோடு 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பதுதான் டிபிஐ. ஸ்கேன் செய்யும்போது அந்தக் கோட்டுக்குக் கிடைக்கும் புள்ளிகள்:

1. 1200 டிபிஐ: ஏறக்குறைய 5 புள்ளிகள். கோடு பருத்து மெலிவதும் பதிவாகும்.
2. 300 டிபிஐ: ஒன்றுக்குச் சற்று மேல். கோடு இருக்கிறது என்பது மட்டும் பதிவாகும்.
3. 72 டிபிஐ: மூன்றில் ஒரு புள்ளிகூட இல்லை. கோடு கரைந்து பக்கத்து வெள்ளையோடு கலந்து, உண்மையான சாம்பல் நிறமாகிவிடும்.

மூன்றாவது நிலையில்தான் ஏமாற்றம் நடக்கிறது. கைபேசித் திரைக்கு உண்மையான சாம்பலைக் காட்டத் தெரியும். அதனால் அங்கே படம் நன்றாகவே தெரியும். அதை அட்டையில், வலைத்துணி வழியாக மையைத் தள்ளும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிடும்போது நாம் மறுபடியும் மை உண்டு, மை இல்லை என்ற பழைய இடத்துக்கே வந்துவிடுகிறோம். சாம்பல் ஒன்று முழுக் கறுப்பாக அப்பும், அல்லது காணாமல் போகும். விரலைச் சுற்றிய மோதிரக் கோடுகள் ஒன்றாகிக் கை ஒரு கரிக்கட்டையாகிறது. பார்ப்பவரின் கண்ணில் உருவாக வேண்டிய சாம்பலை நாம் கோப்பிலேயே உருவாக்கிவிட்டதன் விளைவு இது.

செய்ய வேண்டியவை:

1. மூலத் தாளிலிருந்து 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். தாள் பழுப்பேறியிருந்தால் முதலில் சாம்பல் முறையில் எடுத்து, பிறகு எந்த அளவு சாம்பல் வரை கறுப்பாகக் கொள்வது என்ற எல்லையைக் கையால் சரிசெய்து தூய கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள்.
2. ஜேபெக்காகச் சேமிக்க வேண்டாம்; கோட்டைச் சுற்றி அழுக்குப் படியும். டிஃப் அல்லது பிஎன்ஜி நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருக்கிவிடும்.
3. கணினியில் தானாகக் கோடாக மாற்றும் வசதியை நம்பினால், கூர்மையான கோட்டு முனைகள் எல்லாம் மழுங்கிவிடும். கையும் நகமும் இருக்கும் இடத்தையாவது பெரிதாக்கிப் பார்த்துத் திருத்துங்கள்.
4. அச்சான அளவைவிடப் பாதியாகச் சுருக்க வேண்டாம். மெல்லிய கோடு ஸ்கிரீன் வலையில் அடைபட்டுவிடும். சிறிய இடம்தான் இருக்கிறது என்றால், கோடு குறைந்த வேறு படத்தைத் தேடுவதே நல்லது.
5. ஹாஃப்டோன் படத்தைக் கோட்டுப் படமாக நினைத்து ஸ்கேன் செய்து மறுபடி ஹாஃப்டோன் போட்டால், பட்டுப்புடவைச் சாயல்போல் அலை அலையான வடிவம் மேலே படரும். முதலில் வகையைக் கண்டுபிடிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

## இடம் வலம் மாற்றும்போது

கல்யாணப் பத்திரிகையின் இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்று ஒரே படத்தைத் திருப்பிப் போடும் பழக்கம் வடிவமைப்பாளர்களிடம் உண்டு. பூவுக்கும் மயிலுக்கும் அது பொருந்தும். மனிதருக்கும் கைக்கும் பொருந்தாது.

அட்சதை போடும் வலக்கை இடக்கையாகிவிடும். புரோகிதரின் பூணூல் இடத்தோளிலிருந்து வலத்தோளுக்குப் போய்விடும். வலத்தோளில் பூணூல் போடுவது பிதுர்க் காரியத்துக்கு. கல்யாணப் பத்திரிகையில் அது வந்தால் வீட்டுப் பெரியவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். நாம் சேலை கட்டும் முறையில் தலைப்பு இடத்தோளில் விழும். திருப்பினால் வலத்தோளுக்கு மாறும். ஆனால் சௌகார்பேட்டையின் வட இந்தியக் குடும்பங்களில் வலத்தோளின் முன்பக்கம் தலைப்பு வருவதும் முறையான கட்டுதான். எனவே தலைப்பை மட்டும் பார்த்துப் படம் திரும்பியிருக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. பழைய வேலையிலேயே இந்தப் பிழை நேர்ந்திருப்பதும் உண்டு. செதுக்குபவர் வேறொரு படத்தை அப்படியே கட்டையில் பார்த்துச் செதுக்கிவிட்டால், அச்சில் எல்லாரும் இடக்கைக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

சந்தேகம் வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: எழுதும் கை, வாள் பிடித்த கை, உண்ணும் கை, பூணூல், பின்னணியில் எழுத்து ஏதாவது இருந்தால் அது, கடைசியாகக் கீழ் மூலையில் ஓவியரின் கையெழுத்து. அது வெட்டப்படாமல் இருந்து, நேராகப் படிக்கவும் முடிந்தால், படம் அவர் வரைந்த பக்கமே நிற்கிறது.